உன் பெயர் இல்லாத கதவு

என் செல்லத் தங்கச்சி அனிற்றாவுக்கு,

நேற்று உன் மகப்பேற்றுப் பிரிவைத் திறந்துவைத்தார்கள். உன் பெயரைக் காணவில்லை.

எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்கிறேன் என்று கோபிக்காதே. நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நேற்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும், அதற்கு எனக்கு எப்போதும் இருந்தது நீதான்.

பூசை முடிந்ததும் எல்லாரும் ரெய்னர்ஸ் லேன் பங்கு மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். நீ மிரட்டி மிரட்டி வேலை வாங்கிய அதே கூட்டம்தான். மீன் ரோல்ஸ், வடை, பெரிய கேத்தலில் தேத்தண்ணீர். முன்னால் வெள்ளைத் திரையில், ஆப்பிரிக்காவிலிருந்து மலாவி நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. லண்டனில் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் வேலை செய்து களைத்து, லீவு கிடைத்தவுடன் அதே வேலையைச் செய்ய நீ ஓடிப்போன அந்த ஏரிக்கரை ஆஸ்பத்திரி. உனக்கு விசரா என்று நான் கேட்டிருக்கிறேன். அங்கே ஒரே அறைக்குள் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்ததையும், இடம் இல்லாதவர்கள் வெளியே பாயில் காத்திருந்ததையும் நீ படம் எடுத்து வந்து காட்டிய பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே கட்டடம் கட்டக் காசு சேர்க்க, நீ சொன்னபடி ரோல்ஸ் சுட்டு விற்றேன்.

அந்த ஒற்றை அறை இருந்த இடத்தில் இப்போது ஒரு கட்டடம் நிற்கிறது, அனிற்றா. நீ பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவர், வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. பின்பக்கம் சத்திரசிகிச்சைக்குத் தனி அறை. அங்கிருந்த பெண்கள் பாடி ஆடியதைப் பார்த்து நம் மண்டபத்திலும் சிலர் எழுந்துவிட்டார்கள், அதுவும் முழங்கால் வலி என்று பூசையில் முழந்தாளிடாதவர்கள்.

பிறகு வாசல் கதவுக்கு மேலே இருந்த துணியை இழுத்தார்கள். பலகையில் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது. கீழே மகப்பேற்றுப் பிரிவு என்று இருந்தது. அவ்வளவுதான். கைதட்டல் தொடங்கி, பாதியில் நின்றுபோனது. உன் மகளை மடியில் வைத்திருந்த ஜெரோம் என்னைத் திரும்பிப் பார்த்தார். உன் கணவருக்கும் ஒன்றும் தெரியாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. பலகையில் உன் பெயரை எழுதுவது என்று அங்கே தலைமைத் தாதியாக இருக்கும் எஸ்தரோடு பேசி முடிவு செய்தவளே நான்தானே?

உன் பெயருக்காக நான் ஏன் அப்படி ஒற்றைக் காலில் நின்றேன் தெரியுமா? நீ போன விதம் எனக்கு இன்னும் விளங்கவில்லை. மகளைப் பெற்றாய். கையில் வாங்கினாய். மூக்கு ஆரின்ர மூக்கு என்று என்னிடம் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் உன் முகம் வெளுக்கத் தொடங்கியது. இரத்தம் நிற்கவே இல்லை. வைத்தியர்கள் ஓடி ஓடிச் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் லண்டனில், அனிற்றா! எல்லா வசதியும் இருக்கிற ஊரில்! அந்த இரத்தப்போக்கை எப்படி நிறுத்துவது என்று மலாவியில் எஸ்தருக்கும் மற்றத் தாதிகளுக்கும் கற்றுக்கொடுத்தவளே நீதானே? உன் மகளுக்கு இரண்டு வயதாகிவிட்டது. நான் இன்னும் அந்த அறைக்குள்ளேயே நிற்கிறேன்.

மண்டபத்துக் குசினிக்குள் போய் எஸ்தரை வீடியோவில் கூப்பிட்டேன். நல்ல நாளில் சண்டை பிடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன், ஆனால் குரல் ஏறிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார். உன் பெயர் எழுதிய பலகை தன் அலுவலக அறையில்தான் இருக்கிறது என்றார். அதை மாட்ட வேண்டாம் என்று உங்கள் அம்மா கேட்டுக்கொண்டார், பெற்ற தாய் கேட்கும்போது நான் எப்படி மறுப்பேன் என்றார்.

அம்மா எனக்குப் பின்னால் நின்று கோப்பை துடைத்துக்கொண்டிருந்தா. வைத்தியரிடம் நேரம் எடுப்பதற்குக்கூட என்னைக் கூப்பிடுகிற அம்மா. கடைக்காரரோடு இங்கிலிஷ் பேச வெட்கப்படுகிற அம்மா.

"ஓம், நான்தான் சொன்னனான்," என்றா. "நானே எஸ்தரோட கதைச்சனான்."

ஏன் என்று கேட்டேன். அம்மா கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தா. நான் கோப்பையைப் பறித்து வைத்த பிறகுதான் வாய் திறந்தா. உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து வெளியே வந்தபோது நடந்ததாம். நமக்குத் தெரிந்த ஒரு பெண், நிறைமாதம், தாயோடு நின்றிருக்கிறாள். அம்மாவின் பழக்கம் உனக்குத் தெரியும், வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கண்டால் தொட்டு ஆசீர்வதிக்காமல் விடமாட்டா. கையை நீட்டியிருக்கிறா. அந்தத் தாய் மகளைச் சட்டென்று பின்னால் இழுத்து, இப்ப வேண்டாம் அன்ரி என்று சொல்லியிருக்கிறாள்.

"பிள்ளைப்பெறுவில செத்தவளின்ர தாய் எண்டு பயந்திட்டினம்," என்றா அம்மா. "என்னில பயந்தாப் பரவாயில்லை. அங்க பிள்ளை பெற வாற பெட்டையள் என்ர பிள்ளையின்ர பேரைப் பாத்து விலகிப் போனா, என்னால தாங்க ஏலாது."

இத்தனை மாதம் இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறா. அந்தத் தாயும் மகளும் யார் என்று இங்கே எழுத மாட்டேன், இந்தக் கடிதம் யார் கண்ணிலாவது படலாம். ஆனால் இரண்டு பேரும் அப்போது மண்டபத்தில்தான் இருந்தார்கள். அந்த மகளுடைய மூத்த பிள்ளை பிறந்தபோது பக்கத்தில் நின்று கையைப் பிடித்திருந்தவள் நீ. வெளியே போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று கதவை நோக்கித் திரும்பினேன். அம்மா என் கையை விடவில்லை.

எஸ்தர் அழைப்பிலேயே இருந்தார். உங்கள் அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் தாய் மகளை இழுத்துக்கொண்டதையும் சேர்த்து. உங்கள் அம்மாவின் காரணம் தனக்கு இன்றுதான் தெரிகிறது என்றார்.

"இங்கே பிள்ளை பெற வருகிற ஒவ்வொருத்திக்கும் அப்படி இறந்துபோன ஒருத்தியைத் தெரியும். அக்காவாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும். அவர்களுடைய பெயரைக் கேட்டு இவர்கள் பயப்படுவதில்லை. வலி வரும்போது ஒரு தாதியும் இல்லாமல் போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்," என்றார்.

நான் தமிழில் சொன்னேன். அம்மா நம்பவில்லை. அவ எங்கட மனம் நோகக் கூடாது எண்டு சொல்லுறா என்றா.

அப்போது எஸ்தருக்குப் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயதுக்குள்தான் இருக்கும். பெரிய வயிறு. பெயர் தியாமிகே, இன்றோ நாளையோ என்று காத்திருக்கிறாள், ஆட்டம் பார்க்க வெளியே வந்தவள் என்று எஸ்தர் சொன்னார். பிறகு அவளிடம் அவர்கள் மொழியில் பேசினார். அம்மாவைக் காட்டி, உன்னைப் பற்றிச் சொல்கிறார் என்று விளங்கியது. நீ எப்படிப் போனாய் என்பதையும் சொல்லிவிட்டார் என்று விளங்கியவுடன் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டா. அந்தப் பிள்ளையின்ர கண்ணில என்னைக் காட்டாதை என்றா.

தியாமிகே ஏதோ கேட்டாள். எஸ்தர் ஆங்கிலத்தில் சொன்னார்: "பிள்ளை தப்பியதா என்று கேட்கிறாள்."

நான் பதில் சொல்ல முதல் அம்மா திரும்பினா.

"ஓம். ரெண்டு வயசு. தாயைப் போலவே பிடிவாதம்."

அதை நான் எஸ்தருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், அவர் அவளுக்குச் சொன்னார். தியாமிகே சிரித்தாள். எஸ்தரின் கையிலிருந்து போனை வாங்கி, கேட்காமல் கொள்ளாமல் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். எங்கள் பக்கம் மஞ்சள் பூப்போட்ட துணி மட்டும்தான் தெரிந்தது. அது மெல்ல மெல்ல அசைந்தது.

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தா. உள்ளங்கையை அந்தத் திரையின் மேல் வைத்தா. உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன், என்ன செபம் என்று கேட்கவில்லை. அம்மாவின் கையை அங்கே யாரும் தட்டிவிடவில்லை, அனிற்றா. நான் அழுதேன். எஸ்தர் திரும்பப் போனை வாங்கியபோது அம்மா தன் இங்கிலிஷிலேயே சொன்னா: "புட் நேம். டுடே." எஸ்தர் ஆளனுப்பி ஏணி கொண்டுவரச் சொன்னார்.

பயப்படுவாள் என்று அம்மா நினைத்தவள் வயிற்றைக் கொண்டுவந்து தந்தாள். எங்களோடு பூசையில் ஒரே பீடத்தில் நன்மை அப்பம் வாங்குகிறவள் மகளை இழுத்துக்கொண்டாள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? உனக்கு ஏதாவது விளங்குகிறதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் மகள் வளர்ந்து கேட்டால், உனக்கு ஏதோ நோய் வருத்தம் வந்து போனாய் என்று சொல்லலாம் என ஜெரோமும் நானும் பேசி வைத்திருந்தோம். தன்னால்தான் தாய் போனாள் என்று பிள்ளை நினைத்துவிடுமோ என்ற பயம். வேண்டாம். அவள் கேட்கிற நாளில் உள்ளதை உள்ளபடி சொல்வேன். அவள் அழுதால் பக்கத்தில் இருப்பேன், எத்தனை தரம் கேட்டாலும் அத்தனை தரமும் சொல்வேன். உன் பெயரை இந்த வீட்டில் இனி ஒருவரும் குரலைத் தாழ்த்திச் சொல்ல விடமாட்டேன். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

உன் அக்கா,
உன் மகளின் பெரியம்மா