ஆறு பெட்டியும் ஒரு பழியும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அப்பாவுடைய முதுகுவலிகூட இந்த வாரம் வாயைத் திறக்கவில்லை. நீ சுகமா என்று கேட்க வேண்டியதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய போட்டோவில் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டேன், அதை அப்படியே காப்பாற்றிக்கொள்.

ஆறு பெட்டியும் வந்துவிட்டது என்ற செய்தியைப் படித்ததும் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன், நல்லவேளை யார் சட்டையும் கருகவில்லை. பத்து வாரம் கண்ணா. நீ அங்கே விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கும், உன்னைப் போலவே காது கேளாத தொண்ணூறு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிய்ந்த பந்துதான் இருக்கிறது என்று நீ எழுதினாய், நாங்களும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பழைய பந்து, ஜெர்சி, ஷூ எல்லாம் கேட்டு வாங்கினோம், முதலாளியைக் கெஞ்சி ஜெர்சிகளைக் கடை மெஷினிலேயே துவைத்தேன், ஷூக்களைப் பல் தேய்க்கும் பிரஷ் வைத்துத் தேய்த்தேன், பெட்டியில் இடம் பிடிக்காமல் இருக்க நாற்பது பந்துக்கும் அப்பா ஒவ்வொன்றாக ஊசி போட்டுக் காற்றை இறக்கினார். அவ்வளவும் செய்து அனுப்பினால், கடலைத் தாண்டிய பெட்டி அங்கே துறைமுகக் கதவைத் தாண்டவில்லை. பழைய சாமான், சுத்தம் செய்து தானமாகக் கொடுத்தது என்று ஒரு நிறுவனம் முத்திரை வைத்துக் கடிதம் தரவேண்டும் என்றார்கள், நான் எந்த நிறுவனத்தைக் கண்டேன். அப்பா தினமும் தட்டின் முன்னால் உட்கார்ந்து, இந்நேரம் எவன் அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு ஓடுறானோ என்று ஆரம்பித்துவிடுவார்.

யாரிடம் வேண்டுமானாலும் போ, என் பழைய பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டரிடம் மட்டும் போகாதே என்று நீ எழுதியிருந்தாய். போனேன். வேறு வழி இல்லை. அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கால் மூட்டு வீங்கிக் கிடந்த மனிதர் நொண்டிக்கொண்டே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய், கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அன்றைக்கே என் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதம்தான் பெட்டிகளை வெளியே கொண்டுவந்தது. நீயும் பெரிய மனசாக, அவருக்கு நன்றி சொல்லும்மா, என்னை டீமை விட்டு எடுத்ததுக்கு நான் அவரை மன்னிச்சுட்டேன்னும் சொல்லிடு என்று எழுதிவிட்டாய். அங்கேதான் எனக்கு இடித்தது. நீ மன்னித்தது தப்பான ஆளை.

இதை வீடியோவில் கையால் சொல்ல எனக்கு வராது, என் கை உன் வேகத்துக்கு ஓடாது, அதனால்தான் கடிதம். கோபம் வந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். நீ ஏழாவது படிக்கும்போது வாலிபால் டீமில் உன் பெயரை நோட்டீஸ் போர்டில் எழுதி, இரண்டு நாள் கழித்து அடித்துவிட்டார்களே, அடிக்கச் சொன்னது நான்தான். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு வேன் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்து உன் புத்தகப் பையை உரசிக்கொண்டு போனது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான் எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அன்றிலிருந்து உன்னை வெளியே விடவே எனக்குப் பயம். மாஸ்டரிடம் போய், ஏதாவது சொல்லி நிறுத்திடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க என்று அழுதேன். அவர், பந்தைக் கண்ணாலதாம்மா பாக்கணும், காதுக்கு அதுல என்ன வேலை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் காலில் விழாத குறை. கடைசியில் அவர் உன்னைக் கூப்பிட்டு, விசில் கேக்காதவனை வச்சிக்கிட்டு நான் எப்படி ஆடவைக்கிறது என்று எழுதிக் காட்டினார். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னோடு சேர்ந்து அவரைத் திட்டினேன் கண்ணா. அதுதான் இன்றைக்கும் அறுக்கிறது.

அப்பாவிடம் திங்கட்கிழமைதான் சொன்னேன். இத்தனை வருஷம் இதை எப்படிடி வயித்துல வச்சிருந்தே என்றார், அப்புறம் எனக்கும் சேர்த்துக் காபி போட்டார். மறுநாள் மாஸ்டர் வீட்டுக்குப் போய், மகனுக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், உங்கள் பெயரைக் கெடுத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். கெட்டுப்போனா என்னம்மா, அந்தக் கெட்ட பேரு ஒரு மூலையில கிடந்துச்சு, சோறா கேட்டுச்சு என்று சிரித்தார். உன் போட்டோவைக் காட்டினேன். விசிலுக்குப் பதிலாக நீ சிவப்புத் துணியை உயர்த்திப் பிடித்திருக்கிறாய், வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளைகள் அப்படியே நின்று உன்னையே பார்க்கிறார்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே வந்தபோது, மழையில் நனைந்த கம்பளியைத் தோளிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. நீ என்ன நினைப்பாயோ என்ற பயம் இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் பொய்யோடு இருந்த பயத்துக்கு இது எவ்வளவோ மேல்.

பந்துகளுக்கு வெயிலில் வைத்துக் காற்று அடிக்காதே, வெடித்துவிடும் என்று அப்பா சொல்லச் சொன்னார். பச்சை ஷூவில் ஒரு ஜோடிக்கு உள்ளே அட்டை வைத்திருக்கிறேன், சின்னக் கால் பிள்ளைக்குக் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் உன் தொண்ணூறு பிள்ளைகளும் ஓடி ஆடி, விழுந்தாலும் எழுந்து, நன்றாக இருக்கவேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. நான் கிளம்பும்போது மாஸ்டர் வாசல்வரை நொண்டிக்கொண்டே வந்து, அவன் சர்வீஸ் போடும்போது இன்னமும் வலது காலைத்தான் முன்னால வைக்கிறானா என்று கேட்டார். எனக்கு அது தெரியவில்லை. அவர் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீயே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் கோபத்துக்கும் காத்திருக்கும்
அம்மா