ஐம்பத்தெட்டு இணைச் செருப்புகள்

நாள் 1 — காலை 07.10

இக்குறிப்பைக் கண்டெடுக்கும் தோழர்களே, உழைத்து வாழும் என் மக்களே! குற்றச்சாட்டோடு தொடங்குகிறேன். சேணகம் என்னும் இவ்வுலகில் மனிதர் எவரும் இதற்குமுன் வாழ்ந்ததில்லை என்று குடியேற்ற நிறுவனம் முத்திரையிட்டு எழுதித் தந்துள்ளது. யாரும் கேட்காத கேள்விக்கு ஏன் இத்தனை உறுதியான விடை?

நான் எயினி. மண்ணியலாளர், குடியேறுவோர் சங்கத்தின் பேச்சாளர். இருநூற்றுப் பன்னிருவர் மேலே கப்பலில் சுற்றிவருகின்றனர். அவர்களுள் என் மகள் நல்லினியும் இருக்கிறாள், வயது எட்டு. நான் இங்குத் தனியே நலமாக வாழ்ந்து காட்டினால் அவர்கள் இறங்குவர். ஐந்தாண்டுக்குள் மக்கள் இறங்காவிட்டால் இவ்வுலகின்மீது நிறுவனத்துக்கு உரிமை இல்லை. இது ஐந்தாம் ஆண்டு.

வெப்பம் ஒன்பது பாகை. காற்று மெல்லியது, மூச்சுக்குத் தீங்கில்லை.

நாள் 6 — மாலை 16.20

பெட்டிகளைப் பிரித்து முடித்தேன். சன்னல் கிழக்கே பார்க்கிறது. பால்பொடி கரைத்து, புதுமனை வழக்கப்படி பொங்கவிட்டேன். கப்பலின் வானொலிப் பொறுப்பாளர் மரியசூசை, தூத்துக்குடிக்காரர், உடனே அழைத்தார்.

"எக்கா, பால் பொங்குச்சா? எந்தப் பக்கம் பொங்குச்சுன்னு உங்க மக கேக்கா. இங்க எங்களுக்கு டீயே வெந்நியாத்தான் தாராவ."

கிழக்கே என்றேன். மற்றொன்றை அவரிடம் சொல்லவில்லை. அடுப்பின் கிழக்கு விளிம்பைத் துடைத்தபோது, என் பால் வழிந்த இடத்தின் அடியில் கருகிய பழைய கறை ஒன்று இருந்தது. பட்டியலில் இது புதிய அடுப்பு.

நாள் 17 — இரவு 20.45

நாள்தோறும் ஒரு திசையில் நடந்து இடத்தைப் பழகிவருகிறேன். இன்று வடக்கே, வெள்ளைப் பள்ளம் வரை. அங்குள்ள மண் குளிரில் இறுகிக் கிடக்கிறது. ஒரு பிடி அள்ளினேன், கைச்சூட்டில் நுரைத்தது. அதில் எழும் வளிக்கு நிறமில்லை, மணமில்லை, ஆனால் எடை உண்டு. மண்ணை ஒரு கிண்ணத்தில் இட்டேன், வளி அடியில் தேங்கியது. எரியும் திரியை உள்ளே இறக்கினேன். அணைந்தது.

மாலையில் வீட்டருகே தோண்டிப் பார்த்தேன். இரண்டு முழத்தின் கீழ் அதே வெள்ளை மண்.

குடியிருப்பின் காற்றளவிகள் யாவும் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் உள்ளன. ஏன் என்று நிறுவனத்தைக் கேட்டேன். வந்த மறுமொழி: "அளவிகள் விதிப்படி பொருத்தப்பட்டவை. கவலை வேண்டாம். சுற்றுப்புறத்தைக் கண்டு மகிழுங்கள்."

மகிழச் சொல்கிறார்கள். தோண்டச் சொல்லவில்லை.

நாள் 31 — காலை 10.05

குடியேறுவோர் முதல் நாள் ஒன்றுகூடி உண்பதற்கென நிறுவனம் கட்டிய மண்டபத்தைக் கூட்டச் சென்றேன். உள்ளே தூசு துரும்பில்லை. வாசலுக்கு வெளியேதான் மண்மேடு. மண்வாரியால் தள்ளினேன்.

செருப்புகள்.

ஐம்பத்தெட்டு இணைகள், வரிசையாக, ஓரம் ஒதுக்கி விடப்பட்டவை. ஒரு சிறு செருப்பில் அறுந்த வாருக்கு ஊக்குக் குத்தியிருந்தது. என் மகளுக்கும் அப்படித்தான் குத்திக் கொடுப்பேன்.

தோழர்களே, நம்மவர்கள் இங்கு வந்திருக்கிறார்கள். செருப்பை விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். போட்டுக்கொண்டு வெளியே வரவில்லை. பின்னர் வந்து துடைத்தவர்கள் மண்டபத்துக்குள் ஒரு தலைமயிரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் நாம் செருப்பை எங்கே கழற்றுவோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. வாசலைப் புழுதி மூடிப் பாதுகாத்திருக்கிறது.

காற்றளவியைக் கழற்றித் தரையில் வைத்தேன். இப்போது வளியின் அளவு குறைவு. ஒருத்தியின் உடற்சூடு இம்மண்ணை எழுப்பாது. தரையைச் சூடாக்கிப் பலர் வரிசையாய் அமர்ந்து இலையில் உண்டால் எழுப்பும். நின்றிருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. பந்தியில் அமர்ந்தவர் எழமாட்டார். நான் தனியே நலமாக இருப்பது எதற்கும் சான்றாகாது. அதனால்தான் ஒருத்தியை மட்டும் அனுப்பினார்கள்.

நாள் 33 — காலை 09.30

இறங்காதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன். செருப்புகளின் கதையைச் சொன்னேன். சூசையின் மறுமொழியை அப்படியே எழுதுகிறேன்.

"ரொம்ப சந்தோசம்க்கா. மண்டபத்துல பாய் விரிச்சி வச்சிருக்கேன்னு சொன்னீயள்லா, பிள்ளைக கை தட்டுதுக. நாளன்னைக்கு மறுநா எறங்கலாம்னுட்டாரு கேப்டன். நல்லினிக்கு இருப்பே கொள்ளல."

நான் பாய் விரிக்கவில்லை. அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் பேச்சு நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியாகத்தான் செல்கிறது. அங்கே யாரோ என் குரலில் பேசுகிறார்கள். மேடைகளில் என் வாயை அடைக்க முயன்றோர் பலர். என் வாயையே களவாடியவரை இன்றுதான் காண்கிறேன்.

நாள் 35 — மாலை 17.00

செருப்புகளை இறங்குதளத்தின் குறுக்கே வரிசையாக அடுக்கினேன். முனைகள் கப்பல் வந்து நிற்கும் பக்கம் நோக்கி. இக்குறிப்பின் படிகளைக் கல் வைத்து இடையிடையே செருகினேன். குரலைத் திருடலாம், இவற்றைத் திருட அவர்கள் இறங்கி வரவேண்டும்.

நாள் 36 — காலை 06.40

மண்டபத் தரையின் வெப்பக் கம்பிகளைத் தொலைவிலிருந்து இயக்கிவிட்டார்கள். இருபத்து நான்கு பாகை, ஏறுகிறது. இறங்குதளம் மண்டபத்தைவிடத் தாழ்வு. வளி அங்கேதான் வழியும். கப்பல் வருமுன், கம்பிகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் இரு வடங்களையும் அறுத்தாக வேண்டும்.

07.35

ஒன்று அறுந்தது. மற்றது தரையோடு கிடக்கிறது. மண்டியிட்டேன். மண்டியிட்டிருக்கக் கூடாது.

08.05

படிவரை தவழ்ந்தேன். கால்கள் என் சொல் கேட்கவில்லை. இரண்டாம் வடம் அறவில்லை.

வாசலில் ஓர் இணை. என்னுடையது. இத்தனையும் அறிந்த நான் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறேன்.

08.20

மேலே ஓசை. கப்பல்.

தோழர்களே. இக்குறிப்பு கையில் இருந்தால் உட்காராதீர்கள். என்னை எடுக்கக் குனியாதீர்கள். என் குரல் வா என்றால் நம்பாதீர்கள். நல்லினியைத் தோளில் ஏற்றுங்கள். அவள் அழுதாலும் தரையில் விடாதீர்கள். சூசை, தம்பி, அவளைத் தூக்கு.

செருப்பைக் கழற்றாதீர்கள். திரும்புங்கள். ஏறுங்கள். இப்போதே