இடது பக்கம் பை வேணாம்

அன்பு மகள் கவிநிலாவுக்கு, அடி அண்ணாமலையில இருந்து அப்பா எழுதறது. இங்க நான் நல்லாருக்கேன், நீயும் அங்க குவாஹாத்தியில வேளைக்கு சாப்பிட்டு, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு காலேஜ் போயி வருவன்னு நம்பறேன். நல்லாருக்கேன்னா, சோலார் பம்ப் மாட்ட ஊர் ஊரா போறேன், வரேன், சோறு வடிக்கிறேன், துணி தொவைக்கிறேன். அதுக்கு மேல கேட்டா எனக்கு சொல்லத் தெரியலம்மா. போன்ல நீ அப்புறம்ப்பான்னு கேட்டதும் வாய் அடைச்சிக்குது, அதான் எள்ளுப்பொடி பார்சல்லயே இதையும் வச்சு அனுப்பறேன். பொடியில உப்பு கம்மி, எள்ளும் கொஞ்சம் தீஞ்சு போச்சு, பொறுத்துக்க.

லீவுக்கு வரும்போது பைக்ல போலாமான்னு கேட்டியே, போளூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறி, காவலூர்ல டெலஸ்கோப்ப பாத்துட்டு, ஆலங்காயம் எறங்கி, ஏலகிரி ஏறிட்டு செங்கம் வழியா வீட்டுக்கு வந்துடலாம்னு. உங்கம்மா போயி வருஷம் முடியாம மலை ஏறக் கூடாதுன்னு உங்க முருகையன் மாமா சொல்லிட்டாருன்னு நான் சொன்னேன். மாமா அப்படி சொல்லவே இல்லம்மா. நானா சொன்னது. நீ சரிப்பான்னு ஒரே வார்த்தையில போனை வச்ச. அந்த சரிப்பா காதை விட்டுப் போகவே மாட்டேங்குது. நீ மாமாகிட்ட கேட்டிருக்க போல, ஞாயித்துக்கிழமை வேங்கிக்கால்ல இருந்து வந்துட்டாரு. செருப்பைக் கூட கழட்டல, இன்னா மாப்ள, எம்பேர்ல புளுகி வச்சிருக்க, எந்தங்கச்சி தீபத்துக்கு மறுநாள் தான போனா, இந்த வருஷம் தீபம் முன்னாடியே வருது, அதோட வருஷம் முடிஞ்சிடும், திதி குடுத்துட்டுத்தான நீங்க கெளம்பப் போறீங்க, ஊரே தீபத்தை வச்சு நாள் எண்ணுது, நீ இங்கிலீஷ் காலண்டரைக் கட்டிக்கினு அழுவுற, பொய் சொல்றதையாச்சும் ஒழுங்கா சொல்லக் கூடாதான்னு கேட்டு சிரிக்கிறாரு. நானும் சிரிச்சேன். எந்தங்கச்சின்னு சொன்னது அதுக்கப்புறம்தான் அவருக்கே உறைச்சிது போல. வாசலுக்குப் போயி செருப்பைக் கழட்டிட்டு வந்தாரு, நான் டீ போட்டேன்.

நடந்தது என்னன்னா, நீ கேட்ட உடனே எனக்கு ஆசை வந்துடுச்சு. மேப்பை வச்சுக்கிட்டு எந்த இடத்துல மேடு ஜாஸ்தி, எங்க பெட்ரோல் போடணும், எந்த ஊர்ல மத்தியானம் சாப்பிடலாம்னு பாக்க ஆரம்பிச்சேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ரிப்பேர் கடை வச்சிருக்கானே இனியன், அவங்கிட்ட வண்டியை எடுத்துக்கிட்டு போனேன். பின் பல்சக்கரத்தை ஒரு சைஸ் பெருசா போட்டா மேட்டுல நல்லா இழுக்கும்னு நான், மைலேஜ் போயிடும்ண்ணான்னு அவன், ஒரே சண்டை. இன்னாண்ணா, மலைக்குப் போறியா பொண்ணு பாக்கப் போறியா, இவ்ளோ சோக்கா ரெடி பண்றன்னு கிண்டல் பண்ணான். அவனுக்கு நம்ம விஷயம் தெரியாது. நான் சிரிச்சேம்மா. தெரியாதவன் சொன்னான், தெரிஞ்ச நான் சிரிச்சேன். அப்புறம் ரெண்டு பக்கமும் பை மாட்டணும்னா இடது பக்க சாரி கார்டைக் கழட்டணும்ண்ணான்னான். கழட்டிடுன்னேன். திரும்பிக் கூடப் பாக்கல, பல்சக்கரத்துலயே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து வண்டியைத் தொடைக்கும்போதுதான் இடது பக்கம் மொட்டையா டயர் தெரிஞ்சிது. சக்கரத்துல புடவை மாட்டாம இருக்கற அந்தக் கம்பியும், கீழ கால் வைக்கற தட்டும் உங்கம்மாவுக்குன்னே இருந்தது. ஒருக்களிச்சு உக்காந்து, எங்க போனாலும் மெதுவா மெதுவான்னு முதுகுல தட்டிக்கிட்டே வருவா. அன்னிக்கு மத்தியானத்துல இருந்து அந்த நேரம் வரைக்கும் அவ நெனப்பு எனக்கு ஒரு தடவை கூட வரல. அவ போனதுக்கப்புறம் அப்படி ஒரு பொழுது இருந்ததே இல்ல. நல்லாருந்திச்சும்மா. அதான் தாங்கல. அன்னிக்கு ராத்திரி போன்லதான் உங்கிட்ட மாமா பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். மறந்தது நானு, அதுக்கு உன் ஆசைய நிறுத்திட்டேன். இதை உங்கிட்ட சொல்லாம இருந்தா அந்தக் குத்தமும் இதோட சேந்துக்கும்.

மாமா போனதும் இனியன் கடைக்கு ஓடினேன். நல்லவேளை, பழைய டயருக்குக் கீழ போட்டு வச்சிருந்தான், காயலான்கடைக்குப் போகல. தட்டுல குதிகால் படற எடம் மட்டும் தேஞ்சு வெள்ளையா இருக்கு. திருப்பி மாட்டுன்னேன். அப்ப பை வலது பக்கம் மட்டுந்தான் வரும், வண்டி ஒரு பக்கமா இழுக்கும், நீ மெஷின் படிச்சவன், உனக்குத் தெரியாதாண்ணான்னு ஒரு மாதிரி பாத்தான். தெரியும், நீ மாட்டுன்னேன். அப்பத்தான் விஷயத்தையும் சொன்னேன். பாவம், பொண்ணு பாக்கப் போறியான்னு கேட்டதுக்குக் கையைப் புடிச்சிக்கிட்டான். கூலி வாங்கல. இழுக்கத்தான் செய்யும், வளைவுல நிதானமா போனா ஒண்ணும் ஆவாது.

நீ தீபத்துக்கு முன்னாடியே வந்துடு, கூட்டம் சேந்துட்டா பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க, மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடக்கணும். திதி முடிஞ்சு, கிரிவலப் பாதையில வண்டி உட ஆரம்பிச்சதும் கெளம்பிடலாம், அது வரைக்கும் நம்ம வாசல்ல இருந்து பைக்கை நகத்த முடியாது. துப்பட்டா கிப்பட்டா வேணாம், ஜீன்ஸும் ஷூவும் போட்டுக்க. மலைமேல நான் எதுக்காச்சும் சிரிச்சா நீயும் சிரிச்சிடும்மா, என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்காத. இன்னும் உனக்கு அந்த ஆசை இருந்தா, வரேன்னு ஒரு வார்த்தை அனுப்பு. கோவம் இருந்தா அதையும் திட்டி அனுப்பு, வாங்கிக்கறேன்.

அண்ணாமலையார் துணையில நீ நோய் நொடி இல்லாம இருக்கணும், உங்கம்மா உனக்கு ஆசைப்பட்டதெல்லாம் நடக்கணும். மறந்துடாத, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பைதான், துணி கம்மியா எடுத்துக்கிட்டு வா.

இப்படிக்கு உன் அப்பா,
குமரேசன்