ஆல்டனைக் கைமாற்றிய வருஷம்

டொலிடோ, ஒஹாயோ
1986 ஜூலை 14

அன்புள்ள டெலோரிஸ்,

உன் இஸ்திரிப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. பிப்ரவரியில் உன் வீட்டை மூட்டை கட்டியபோது எப்படியோ என் காரில் ஏறிவிட்டது. உன் ஹோரஸை ஸ்போகேன் கூடைப்பந்து அணிக்குக் கைமாற்றிவிட்டோம் என்று காலையில் போன். மாலையில் அவர் விமானத்தில். வீடு நிறையச் சாமானோடு நடுக்கூடத்தில் நீ.

இங்கே அணியைப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். புது கோச் வந்ததும் வராததுமாகப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, மூன்று வருஷம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். கட்டுவது எப்போதோ, இப்போதைக்கு இடிப்பு மட்டும் ஜோராக நடக்கிறது. பழைய ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டுக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஒருவனுக்கு இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவர்கள் நடுவில் என் ஆல்டன் நின்றால், பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளையைக் கூட்டிவந்த அப்பா மாதிரி இருக்கிறது. வரும் சீசனில் எண்பத்திரண்டு ஆட்டத்தில் இருபது ஜெயித்தாலே பெரிது என்று பத்திரிகை எழுதுகிறது. ஆல்டன் அதைப் படித்துவிட்டு, "இருபதா? யாரோ நல்ல மனசுக்காரன் எழுதியிருக்கான்" என்றார்.

பழைய சுவரில் மிச்சம் இவர் ஒருவர்தான். போன் அடித்தால் அடுத்தது இவர்தானோ என்று ஓடுகிறேன். நேற்று அடித்தது சர்ச்சிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பீச் பழ இனிப்பு செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கிளாரா இன்னும் உன்னை மன்னிக்கவில்லை. அவள் கர்ப்பமான சேதியை அவள் புருஷனுக்குத் தெரியும் முன்பே அணி முழுக்கச் சொன்னவள் ஆயிற்றே நீ. உன் ஓட்டை வாயை யாராலும் தைக்க முடியாது. ஆனாலும் அது இல்லாமல் ஆட்டம் பார்க்கும் எங்கள் மனைவிமார் வரிசையே ஊமையாகிப் போனது.

உன்,
வெர்னா

ஸ்போகேன்
ஜூலை 27

என் செல்ல வெர்னாவுக்கு,

இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொள், நேரில் வாங்கிக்கொள்கிறேன். ஏன் நேரில் என்கிறேன் தெரியுமா? உட்கார்ந்துகொண்டு படி.

இந்த ஊர் அணிக்கு எல்லாம் இருக்கிறது, கூடைக்கு அடியில் மலை மாதிரி நிற்க ஒரு நெட்டையன் மட்டும் இல்லை. அவன் கிடைத்தால் இந்த வருஷமே கோப்பை என்று பேசிக்கொள்கிறார்கள். யாரைக் கேட்கப் போகிறார்கள் என்று ஹோரஸிடம் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வறுத்த கோழி வைத்ததும் சொல்லிவிட்டார். ஆல்டனைத்தானாம். பதிலுக்கு இங்கிருந்து ஒரு சின்னப் பையனையும், அடுத்த வருஷம் கல்லூரிப் பையன்களில் ஒருவனை முதல் சுற்றில் பொறுக்கும் தங்கள் உரிமையையும் கொடுப்பார்களாம். உங்கள் கோச்சுக்கு அதுதானே வேண்டும்.

யாரிடமும் சொல்லாதே. நானும் மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

பயப்படாதே, பைத்தியமே. எங்கள் தெருவிலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறது. இந்த ஊரில் நல்ல கீரை கிடைக்காது, வெண்டைக்காய் என்றால் என்னவென்று கேட்கிறார்கள். ஆனால் நீ வந்தால் எனக்கு எல்லாம் கிடைத்த மாதிரி.

உன் வரவை எண்ணி,
டெலோரிஸ்

டொலிடோ
ஆகஸ்ட் 10

டெலோரிஸ்,

உன் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. காரணம் சொல்கிறேன்.

போன மாதக் கடைசியில் ஆல்டன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நின்ற மனிதர் திடீரென்று இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் தரையில் கிடக்கிறார், உதடெல்லாம் சாம்பல் நிறம். குழாய்த் தண்ணீர் அவர் முகத்தின் மேலேயே ஓடுகிறது, கண் திறக்கவில்லை. நான் கத்தினேனா, அவர் பெயரைச் சொன்னேனா, எதுவும் ஞாபகமில்லை. பிறகு மூச்சு வந்தது. எழுந்து உட்கார்ந்து, வெயில் என்றார். அன்றைக்கு வெயிலே இல்லை டெலோரிஸ்.

அவருடைய அண்ணன் இருபத்தாறு வயதில் சர்ச் மைதானத்தில் பந்தை எறிந்துவிட்டு அப்படியே சாய்ந்தவர். பந்து கூடைக்குள் விழுந்ததை அவர் பார்க்கவில்லை என்று இவர்கள் அம்மா இன்னமும் சொல்லி அழுவாள். அந்தக் கதையைச் சொல்ல நான் வாயெடுத்ததுமே ஆல்டன் பைபிளைக் கொண்டுவந்து என் கையை அதன்மேல் வைத்தார். "ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா என்னை உட்கார வெச்சிடுவாங்க வெர்னா. உட்கார்ந்துட்டா அப்புறம் நான் யாரு?" என்றார்.

நான் சத்தியம் செய்தேன். இப்போது அதை மீறி உனக்கு எழுதுகிறேன்.

இங்கே அணி டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், இவர் சொல்வதை எழுதிக்கொள்வார். அவ்வளவுதான். கைமாறும் ஆட்டக்காரனை வாங்குகிற அணி புதிதாகப் பரிசோதிக்க வேண்டும் அல்லவா, உங்கள் ஊர் டாக்டர் எப்படி? நெஞ்சைப் பார்ப்பாரா? பார்த்துவிடுவாரோ என்று ஒரு பயம். பார்க்காமல் விட்டுவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம்.

யாரிடமும் சொல்லாதே. உன் காலில் விழுகிறேன்.

வெர்னா

ஸ்போகேன்
ஆகஸ்ட் 21

என் வெர்னா,

கடிதத்தை மடித்து என் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். சாப்பிட முடியவில்லை. நேற்று இறைச்சியைக் கருக்கிவிட்டேன். ஹோரஸ் என்ன என்று கேட்டதற்கு அடுப்பு சரியில்லை என்றேன். இந்த ஜென்மத்தில் நான் காப்பாற்றும் முதல் ரகசியம் இதுதான், இப்படிக் கனமாகவா வந்து சேர வேண்டும்?

நீ கேட்டதை விசாரித்தேன். இங்கே டாக்டர் வயசானவர், ஆட்டக்காரர்களின் பரம ரசிகர். முழங்கால், கணுக்கால், இரத்த அழுத்தம், முதுகில் ஒரு தட்டு. ஆல்டனைப் பார்த்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்.

நீயே சொல்லிவிடு, வெர்னா. உன் தங்கை லோர்னா நர்ஸ்தானே, நாலு தெரு தள்ளித்தானே இருக்கிறாள். அவளிடமாவது சொல். நான் வாய் திறக்க மாட்டேன். என் அம்மா மேல் ஆணை.

டெலோரிஸ்

டொலிடோ
செப்டம்பர் 13

டெலோரிஸ்,

போன் நேற்று வந்தது. நேற்று மாலையே அவர் கிளம்பிவிட்டார். உங்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். "கடைசிப் பழைய சுவரும் இறங்கியது, இனி அஸ்திவாரம்" என்று இன்றைய பத்திரிகையில் தலைப்பு. அந்த மீசை முளைக்காத பையனும் இன்னொருவனும் வந்து பெட்டி தூக்கிக் கொடுத்தார்கள். ஆல்டன் இல்லாமல் எங்களை யார் திட்டுவார்கள் என்று மீசை முளைக்காதவன் கேட்டான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன், பாவம், அவன் பயந்துபோனான்.

புறப்படும்போது ஆல்டன் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். பதினோரு வருஷம் தோற்கிற அணிகளிலேயே ஆடியவர். "இந்தத் தடவை ஜெயிப்பேன் வெர்னா" என்றார். நான் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினேன்.

புதன்கிழமை காலை உங்கள் டாக்டர் பரிசோதிக்கிறார். பயிற்சி மறுநாளே தொடங்குகிறது. அவர் அங்கே இருக்கிறார், நீ அங்கே இருக்கிறாய், நான் இங்கே கண்ணாடிக் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய அம்மா ஒத்தாசைக்கு வந்து சமையலறையில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

வெர்னா

ஸ்போகேன்
செப்டம்பர் 20

வெர்னா,

உனக்கு இதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும். யார் செய்தது என்பதை என் கையால் எழுதிவிடுகிறேன். நான்தான்.

செவ்வாய்க்கிழமை ஆல்டன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இரண்டு தட்டுச் சாப்பிட்டார், என் பையனைத் தோளில் தூக்கிக் கூரையைத் தொட வைத்தார். இறக்கிவிட்டதும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். ஹோரஸ் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் போனதும் ஹோரஸிடம் சொல்லிவிட்டேன். ஹோரஸ் கோச்சிடம் போனார்.

சியாட்டிலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இதயத்தைத் திரையில் காட்டும் இயந்திரத்தில் பார்த்தார்கள். தசை தடித்திருக்கிறதாம், பிறவியிலேயே. ஓடினால் எந்த நிமிஷமும் நின்றுவிடலாமாம். கைமாற்றியது செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். இனி எந்த அணியும் தொடாது.

திரும்பி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். "யாரு சொன்னது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மேல் வைத்த ஆணையை மீறினேன். உன்னைக் காட்டிக்கொடுத்தேன். திட்டியாவது ஒரு வரி எழுது.

டெலோரிஸ்

ஸ்போகேன்
அக்டோபர் 19

வெர்னா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் தபால்காரர் வரும்வரை வாசலில் நிற்கிறேன்.

இங்கே கோப்பைப் பேச்சு அடங்கிவிட்டது. நெட்டையன் இல்லாத அணி மறுபடியும் நெட்டையன் இல்லாத அணிதான். மனைவிமார் வரிசையில் என் இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருக்கிறது. நான் வாய் திறந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்குப் பொருட்டில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் சொல்.

டெலோரிஸ்

டொலிடோ
நவம்பர் 9

என் டெலோரிஸ்,

இருக்கிறார். ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறார், என்னிடம் அதிகம் பேசுவதில்லை. பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். உன் பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது, ஹோரஸ் பெயரையும்தான். சீசன் தொடங்கிய அன்று ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஆனால் கார்க் கொட்டகையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். பையன்கள் முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். மீசை முளைக்காதவன் தன் அணிக்காரனின் தலையிலேயே பந்தை எறிந்தானாம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இருபது அதிகம், பதினைந்துதான் ஜெயிப்பார்கள் என்று மறுநாள் அவராகச் சொன்னார்.

அவருக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருக்கிறது. உன் மேல் படுகிறார். நான் ஆற்றாமையில் உன்னிடம் உளறினேன், நீ ஊருக்குச் சொல்லிவிட்டாய் என்று நினைக்கிறார். அந்தக் கோபம் என் பக்கம் திரும்பினால் இந்த வீடு நிற்காது, டெலோரிஸ். அதனால் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். இனி இந்த விலாசத்துக்கு எழுதாதே.

என்னைக் காட்டிக்கொடுத்ததாக எழுதியிருந்தாய். லோர்னா நாலு தெரு தள்ளி இருக்கிறாள், நர்ஸ், கல்லுப் போன்ற வாய். அவளிடம் சொல்லியிருந்தால் என்னோடு சேர்ந்து அழுதிருப்பாள், வெளியே மூச்சு விட்டிருக்க மாட்டாள். எனக்குத் தெரிந்த அத்தனை பேரிலும், கிளாராவின் கர்ப்பத்தை ஊருக்கே சொன்ன உன்னைத் தேடிப்பிடித்து ஏன் எழுதினேன் என்று ஒருநாளும் யோசிக்கவில்லையா? பரிசோதனை புதன்கிழமை என்று கிழமை சொல்லி எதற்காக எழுதினேன்?

பழியை உன் தலையில் வைத்துவிட்டேன். எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. தினமும் அவர் தூங்கும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன், அடித்துக்கொண்டிருக்கிறது. அப்போதெல்லாம் உன் பெயரைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இஸ்திரிப் பெட்டியை இதோடு அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதே. ஹோரஸிடம்கூட.

என்றும் உன்,
வெர்னா