லட்டு டப்பாவுக்குள் பனி

பனிக்குள்ளேயே குடியிருந்த என் பாசமுள்ள மதினிக்கு,

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. கருமாதி முடிந்த மறுவாரமே அண்ணன் மேகமலை எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டு, சின்னமனூரில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். காலி செய்த அன்று உங்கள் சேலைகளைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தவர், சன்னலில் தொங்கிய அந்தக் குட்டிக் கொடியை மட்டும் தொட்டியோடு என் மடியில் வைத்தார்.

"நீ வச்சுக்க ஆத்தா. எங்கிட்ட இருந்தா காஞ்சிரும். அவ கைபட்டதுல உசுரோட இருக்கறது இது ஒண்ணுதான்."

ஆமை ஓடு போலக் கோடு போட்ட, சட்டைப் பித்தான் அளவு இலைகள். வளைந்து வளைந்து பஸ் மலை இறங்கும்போதே எண்ணினேன்: நூற்றுப் பதினான்கு. எதையும் எண்ணி வைக்கும் என் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஆண்டிபட்டிக்கு வந்ததும் பூஜையறையில் வைத்தேன். உங்கள் செடியை வேறு எங்கே வைப்பது? தினமும் குளித்துவிட்டு, துளசிக்கு ஊற்றுவதுபோல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிட்டேன். பத்தாம் நாள் இலைகள் கண்ணாடிபோல் ஆயின. தாகம் என்று நினைத்து இரண்டு செம்பாக ஊற்றினேன். அடுத்த வாரம் தொட்ட கொடியெல்லாம் கூழாகக் கையோடு வந்தது. உருப்படியாக மிஞ்சியது ஏழே இலை.

அன்றைக்குப் பார்த்து அண்ணன் போன். "செடி எப்படி இருக்கு ஆத்தா?"

"நல்லாருக்குண்ணே."

சாமி படத்துக்கு எதிரே நின்று சொன்னேன் மதினி.

நீங்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றி நான் அதிகம் பார்த்ததே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. சன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து அதைத் தொட்டுவிட்டுப் போகும். அது ஈரத்தைக் காற்றில் கேட்டிருக்கிறது. நான் மண்ணில் கொட்டியிருக்கிறேன். எங்கள் ஊர்க் காற்றோ, காயப்போட்ட சேலையை அரை மணியில் அப்பளமாக்கிவிடும்.

லட்டு வந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவினேன். தேங்காய் நார்த்தூளை நனைத்து, சொட்டு வடியாத அளவுக்குப் பிழிந்து பரப்பினேன். ஏழு இலையையும் காம்பு உள்ளே போகும்படி ஊன்றி, மூடி, நேர்வெயில் படாத சன்னலோரம் வைத்தேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இலைக்கு ஏசி ரூமா? நமக்கு ஃபேனே ஒழுங்கா ஓடமாட்டேங்குது."

"மதினி மேகத்துக்குள்ளயே இருந்தாக. இங்கன மேகத்துக்கு நான் எங்க போக? சும்மா இருங்க."

மறுநாள் காலையில் மூடியின் உட்புறம் முழுக்கப் பனி பூத்திருந்தது. மேகமலையே இத்தனை சின்னதாகி என் சன்னலில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

ஓர் இலை கறுத்தது. இன்னும் மூன்று அழுகின. காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தேன். முப்பத்தோராம் நாள், ஒரு காம்படியில் வெள்ளை நூலாக வேர். அறுபத்திரண்டாம் நாள், கடுகைவிடச் சிறிதாக ஒரு புது இலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். அந்தக் கடுகிலும் அதே கோடுகள்!

விதை இல்லை, தாய்க்கொடி இல்லை. ஒரு கிள்ளு இலைக்கு முழுச்செடியும் எப்படி ஞாபகம் இருந்தது? இத்தனை சின்ன இடத்தில் யார் கோலம் போட்டது? கௌமாரியம்மனை நாள் தவறாமல் கும்பிடுகிறவள் நான். அன்று கும்பிடக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்து நின்றேன்.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். இனி எப்படி மறைப்பது?

"அண்ணே, நான் பொய் சொல்லிட்டேன். அழுக வச்சுட்டேன். இவ்வளவுதான் மிச்சம்." டப்பாவை நீட்டினேன்.

அவர் மூடியைத் திறக்காமல் டப்பாவைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார் மதினி, நீங்கள் போனபின் முதல் தடவையாக.

"ஒன் மதினியும் ரெண்டு தடவ இதக் கொன்னவதான். நான் ஆசயா வாங்கியாந்த செடின்னு பயந்துபோயி, அடுப்படி சன்னல்ல பாத்திரத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சு, இலையில இருந்து எடுத்தா. கேட்டா, நல்லாருக்குன்னுதான் சொல்லுவா. நானும் தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டேன்."

உங்களுக்குமா மதினி? நீங்களும் என்னைப்போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தீர்களா? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

தேறிய மூன்றில் ஒன்றை இன்னொரு டப்பாவில் வைத்து அண்ணனிடமே கொடுத்தனுப்பினேன். மூடியை நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்து காற்றுக்குப் பழக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன். அது அவர் கையில் அழுகிப்போனால் பயப்படாமல் வந்து சொல்லட்டும். என் சன்னலில் அவருக்காக எப்போதும் ஓர் இலை ஊன்றியிருக்கும். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் வீட்டுக்காரரின் ஒரே தங்கை,
உங்கள் நாத்தனார் பாண்டியம்மாள்,
ஆண்டிபட்டி.