அச்சிட மறுத்த துப்பாக்கி

செவ்வாய், இரவு.

ஆழ்வார்பேட்டையில் என் த்ரீடி பிரிண்டிங் கடைக்கு இன்று ஒருவன் பென் டிரைவோடு வந்தான். குறும்படத்துக்குப் பொம்மைத் துப்பாக்கி வேண்டுமாம். ஃபைலை என் கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தேன். பொம்மை மாதிரி இல்லை, நிஜமாகவே சுடுவதற்கான அமைப்பு. முடியாது என்றேன்.

"பிளாஸ்டிக்தானே பாய், இதுக்கு இன்னாத்துக்கு பயந்துக்கினு கீறீங்க?" என்று சிரித்தபடி போய்விட்டான்.

மனசு கேட்காமல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். எஸ்.ஐ. பெயரைக் கேட்டார். ரஹ்மத்துல்லா என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆளு யாருன்னு உனக்குத் தெரியாது. ஃபைலு உன் கம்ப்யூட்டர்ல இருக்கு, மெஷினும் உன்னுது. அப்ப நான் யாரை விசாரிக்கணும்?"

காலையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம்.

வீட்டில் என் மனைவி நஸ்ரீன் சாப்பிடவில்லை. "அந்த ஃபைலை இப்பவே அழிச்சிடுங்க" என்று அழுகிறாள். அழித்தால் சாட்சியத்தை அழித்தேன் என்பார்கள். வைத்திருந்தால் ஏன் வைத்திருந்தாய் என்பார்கள். புகார் கொடுக்கப் போனவன் நான் என்பதே அங்கே யாருக்கும் நினைவில்லை.

அவன் இந்நேரம் வேறு கடையைப் பிடித்திருப்பான். அவன் எப்படி இருந்தான், எந்தப் பக்கம் போனான் என்று எஸ்.ஐ. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.