பங்குக் கிணற்றுச் சாவி

ஏரல்
9 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

வடிவு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பாதி பொய்யாகிவிடும், அதனால் பாதியோடு விடுகிறேன்.

தூத்துக்குடி ஏஜென்ட் ஆபீசில் போய்க் கேட்டேன். கப்பலில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார்களாம், கடிதம் கொடுத்தால் சாமான் கொண்டுபோகும் போட்டில் அனுப்புவார்களாம். கல்யாணம் நிச்சயமான நாளிலேயே நாம் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. இந்த வயதில் எழுத வைத்துவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன், பக்கத்து வயல் சண்முகசுந்தரி அக்காவின் எல்லைக் கல்லைப் பிடுங்கி, அவள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார். அவள் புருஷன் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. சேர்த்துப் பிடித்த இடத்தில் ஏத்தன் வாழையும் வைத்தாயிற்று. நான் போய்க் கேட்டதற்கு, “கல்லு எப்பவும் இங்கனதாம்ளா கெடக்கு. ஒனக்கு என்ன தெரியும்?” என்கிறார். கேஸ் போட்டால் அக்காவின் ஆயுசு போதாது.

ஊரைக் கூட்டிப் பேசினோம். கல் பழைய இடத்துக்கு வரும்வரை உங்கள் அண்ணன் முத்துமணிக்குப் பங்குக் கிணற்றில் தண்ணீர் முறை கிடையாது, வாய்க்காலில் இறைக்க இன்ஜினோ டீசலோ யாரும் கொடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. மோட்டார் ரூம் சாவி நம் வீட்டில்தானே இருக்கிறது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “தர மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் உங்கள் அண்ணனுக்கு ஒரு வரி எழுதினால் நல்லது.

உங்கள்
வடிவு


கப்பலில்
28 ஜூன் 2025

அன்பு வடிவுக்கு,

உன் கடிதத்தை இன்ஜின் ரூம் சூட்டில் வைத்து இரண்டு தடவை படித்தேன். எங்கே இருக்கிறோம் என்று எழுதக் கூடாதாம். எழுதச் சொன்னாலும் எனக்குத் தெரியாது. கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியை அணைத்துவிட்டார்கள். சரக்கு ரஷ்ய எண்ணெய். போன வாரம் ஆளைக் கயிற்றில் இறக்கி, கப்பலின் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதினார்கள். கொடியும் மாறியாயிற்று.

இங்கே கியோர்கி என்று ஓர் ஆபீசர், ஜார்ஜியா நாட்டுக்காரர். அவர் ஊரில் ரஷ்யச் சிப்பாய்கள் முள்வேலியை நகர்த்திப் போட்டதில், அம்மாவின் ஆப்பிள் தோட்டம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாம். இப்போது உக்ரைனில் நடப்பதும் அதேதான், கொஞ்சம் பெரிய வேலி என்றார். பிறகு ஏன் அவர்கள் எண்ணெயைச் சுமக்கிறீர்கள் என்று கேட்டேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அண்ணன் செய்தது தப்புதான். ஆனால் கூடப் பிறந்தவன் வாழை காய்வதை நம் வீட்டுச் சாவி வேடிக்கை பார்க்கலாமா? கொடுத்துவிடு. தடை போட்டு யார் திருந்தியிருக்கிறார்கள்? ஐரோப்பாக்காரர்கள் இந்த எண்ணெய் வேண்டாம் என்று சொல்லி வருஷக்கணக்காகிறது. விலையைக் குறைத்தால் வாங்க ஆள் வருகிறது, சுமக்க நான் இருக்கிறேன். சண்டை நின்றபாடில்லை.

உள்ளே இன்னொரு கவர் வைத்திருக்கிறேன். லோடு ஆட்டோ ராஜபாண்டியிடம் கொடுத்துவிடு. சும்மா நலம் விசாரித்திருக்கிறேன்.

அன்புடன்
இசக்கியப்பன்


ஏரல்
21 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கவரை அன்றைக்கே ராஜபாண்டி கையில் கொடுத்துவிட்டேன். சாவியை மட்டும் கொடுக்க மாட்டேன். கோபப்படுங்கள், பரவாயில்லை.

உங்கள் அண்ணன் வாழை ஓரமெல்லாம் கருகிவிட்டது. போன வாரம் உங்கள் மதினியே வந்து வாசலில் நின்றாள். “கோயில் கொடை முடியட்டும்ளா, கல்ல எடுத்துப் போட்டுருதேன்னு சொல்லுதாவ” என்றாள். அந்தப் பிடிவாதக்காரரிடமிருந்து இந்த வார்த்தை வந்திருக்கிறது பாருங்கள்! அவர் வாயால் ஊர் முன்னால் சொல்லட்டும், அன்றைக்கே மோட்டாரைப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அவர் பிள்ளைகள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. தெருவில் எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு போகின்றன. அலுத்துப்போய்ப் படுக்கிறேன், அலுப்போடே எழுந்திருக்கிறேன். ஆனாலும் இன்னும் கொஞ்ச நாள்தான். கொடை முடிந்ததும் கல் திரும்பி வந்துவிடும்.

நீங்கள் அந்தக் கப்பலை விட்டு இறங்கி வாருங்கள். பெயரை மாற்றிக்கொண்டு அலைகிற கப்பலில் உங்களுக்கு என்ன வேலை?

உங்கள்
வடிவு


கப்பலில்
17 ஆகஸ்ட் 2025

அன்பு வடிவுக்கு,

இந்தக் கப்பலையும் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். புதுப் பெயரைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தத் துறைமுகமும் உள்ளே விடவில்லை. நங்கூரம் போட்டு வெயிலில் கிடக்கிறோம். காய்கறி தீர்ந்து, பருப்பே கதி. குடிதண்ணீரில் துரு வாடை.

இறங்க விரும்புகிறவர்கள் சாமான் போட்டில் இறங்கிப் போகலாம், ஆனால் இந்தக் கம்பெனியில் இனி வேலை கிடையாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். கியோர்கி பையைத் தூக்கிக்கொண்டார். தடை போட்டும் சண்டை நிற்கவில்லையே என்று அவரிடமும் கேட்டேன். “எப்படி நிற்கும்? நாம்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோமே” என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார்.

நான் இறங்கவில்லை. இந்த வயதில் வேறு கப்பலுக்கு எங்கே போவேன்?

அண்ணன் வாழையை நினைத்து நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அது எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்.

அன்புடன்
இசக்கியப்பன்


ஏரல்
12 செப்டம்பர் 2025

அத்தானுக்கு,

வாழை பிழைத்துக்கொண்டது. ஆடிக் காற்றுக்குக்கூடச் சாயாமல் நிற்கிறது.

கொடை முடிந்தது, கல் வரவில்லை. மதினியைக் கேட்டால் சிரிக்கிறாள். கிணற்றில் முறை இல்லாதபோது அவர் வயலில் ஈரம் எப்படி என்று போய்ப் பார்த்தேன். வாய்க்கால் வரப்போரம் டீசல் இன்ஜின், பக்கத்தில் ராஜபாண்டியின் கேன்கள். “நான் என்ன செய்ய மதினி? ஒங்க வீட்டுக்காரருதான், எங்கண்ணன் வாழ காயக் கூடாது, இன்ஜினும் டீசலும் கொண்டுபோய்க் குடுலேன்னு எழுதியிருந்தாரு. நீங்கதான கவரக் கொண்டாந்து தந்திய?” என்றான்.

ஆமாம், நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஊரில் ஒருவரும் என் முகத்துக்கு நேரே பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. பெண்டாட்டி பூட்டுவாள், புருஷன் ஊற்றுவான் என்று நினைத்திருப்பார்கள். சுந்தரி அக்கா மட்டும் வந்தாள். “நீ பொய்க்காரி இல்லன்னு எனக்குத் தெரியும்ளா. ஆனா எனக்கு இனி ஏலாது” என்றாள். உங்கள் அண்ணன் கேட்ட விலைக்கே வயலை எழுதிக் கொடுத்துவிட்டு, சாத்தான்குளத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் வயல் பக்கம் திரும்பவே இல்லை.

நீங்கள் சொன்னபடி சாவியைக் கொடுத்துவிட்டேன். உங்கள் அண்ணனிடமே கொடுத்தேன். நம் வீட்டுச் சாவியும் அதே வளையத்தில் இருக்கிறது, அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஆறுமுகநேரியில் என் தம்பி வீட்டில் இருப்பேன். அங்கே கடிதம் போட வேண்டாம்.

இதை எந்தப் பெயருள்ள கப்பலுக்கு என்று எழுதட்டும் எனக் கேட்டேன். ஏஜென்ட் ஆபீசில், “பேரெல்லாம் வேண்டாம்மா, ஆள் பேரை மட்டும் எழுதுங்க” என்றார்கள். எழுதியிருக்கிறேன்.

அருணாசலவடிவு